ஒன்பது பக்கம்

ஹுமேராவுக்கு அந்த மேசை கிடைத்ததே ஒருவரின் சோம்பேறித்தனத்தால்தான். 1995 ஜூனில் எங்கள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்கள் பதினோரு பேர் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தார்கள். சூடான், கென்யா, தான்சானியா, மொரீஷியஸ் என்று நாலு நாட்டுப் பிள்ளைகள். அவர்களைக் கவனிக்க ஆபீசில் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். சூப்பிரண்டு பட்டியலைப் பார்த்தார். அகமது, இப்ராகிம் என்று நாலைந்து பெயர் கண்ணில் பட்டது. தலையைத் தூக்கினார். எதிரே கோட்டைமேட்டு முஸ்லிம் பெண் ஹுமேரா தபால் ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டிருந்தாள். "அம்மணி, இவுங்கெல்லாம் உங்காளுங்க. பேச்சு வார்த்தைக்குத் தோதா இருக்கும். நீங்களே பாத்துக்குங்க" என்று ஃபைலை அவள் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஹுமேராவுக்குத் தமிழும் ஆபீஸ் இங்கிலீஷும் தெரியும். அரபியில் ஓதத் தெரியும், பேசத் தெரியாது. தான்சானியா எங்கே இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டாள். எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை, ஆகையால் அரேபியாவுக்குப் பக்கத்தில் என்றேன். மறுநாள் லைப்ரரியில் அட்லஸ் பார்த்துவிட்டு வந்து, "ஏனுங்ணா, அடிச்சு உடறதுக்கும் ஒரு அளவு இருக்குதுங்க" என்றாள்.

நான் அரங்கசாமி. அடுத்த மேசை டைப்பிஸ்ட். கிணத்துக்கடவிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறிப் பீளமேட்டுக்கு வந்து, அந்த ஆபீசில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவன். இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவள் அத்தா மைதீன் பிச்சைக்குப் பெரிய கடை வீதிப் பக்கம் பொத்தான், நூல், லைனிங் துணி விற்கிற சின்னக் கடை. மகளைப் பத்தாவதோடு நிறுத்திவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். அவள் அழவும் இல்லை, பட்டினி கிடக்கவும் இல்லை. "படிக்க வேண்டாம்னா கடையப் பாத்துக்கறேனுங்க அத்தா" என்று போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டாள். இருபது வருஷமாக வருகிற தையல்காரர்களிடம் கூட ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்று நின்றாள். நாலே நாளில் அத்தா அவளைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். கல்யாணம் ஆகி, கணவர் தாரிக் உக்கடத்தில் வெல்டிங் பட்டறை வைத்து, ஆஃப்ரின் என்று ஒரு பெண்ணும் பிறந்த பிறகுதான் எங்கள் ஆபீசுக்கு வந்தாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு, தேதி கேட்பது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டோம். "ஆகட்டுங்க, பாக்கலாங்க" என்போம். கேட்டவரும் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். ஹுமேரா போக மாட்டாள். "எத்தனாந்தேதி பாக்கலாங்க?" என்பாள். தேதி சொன்னால் "காலையிலீங்களா, மத்தியானங்களா?" என்பாள். இந்த இரண்டு கேள்வியை வைத்தே ஜூலைக்குள் பதினோரு பேருக்கும் போலீஸ் பதிவை முடித்தாள், ஹாஸ்டல் ஜன்னலுக்குக் கொசுவலை வாங்கினாள், மெஸ்ஸில் காரமில்லாத குழம்பு ஒரு பாத்திரம் தனியாக வைக்கச் செய்தாள். வார்டன் அவள் வருவதைப் பார்த்தால் பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைந்துகொள்வார்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி நீமா. தான்சானியாவில் டோடோமா அவள் ஊர். அவளுடைய அரசாங்கமே செலவு கொடுத்து பி.ஏ. பொருளாதாரம் படிக்க அனுப்பியிருந்தது. உயரமான பெண். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். வந்த முதல் வாரம் ஆபீசுக்கு வந்தவளை ஆளாளுக்கு "சாப்பிட்டாயா?" என்று இங்கிலீஷில் கேட்டோம். அவள் ஒவ்வொருவருக்கும் நின்று, இல்லை, காலையில் இரண்டு இட்லிதான், மதியம் இன்னும் சாப்பிடவில்லை என்று முழு விவரம் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தோம். நாலாவது நாள் ஹுமேராவிடம், "தினமும் கேட்கிறீர்கள், யாரும் கூப்பிடுவதில்லையே" என்றாளாம். அன்றிலிருந்து ஹுமேராவின் டிபன் பாக்ஸில் இரண்டு பேருக்குச் சோறு வந்தது. "கேட்டா கூப்படோணுமுங்ணா, இல்லீன்னா கேக்கப்படாது" என்று எனக்கும் ஒரு குட்டு விழுந்தது.

நவம்பரில் பல்கலைக்கழகத் தேர்வு. ஜனவரியில் முடிவு வந்தது. பதினோரு பேரில் ஒன்பது பேர் ஃபெயில். நீமா ஐந்து பேப்பரில் மூன்றில் போய்விட்டாள்.

ஆபீசில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இங்கிலீஷ் போதாது, ஊர் சுற்ற வந்தவர்கள், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. நான் சொன்னது எல்லாவற்றையும்விட மட்டம். "அவுங்களுக்கு மண்டை அவ்வளவுதானுங்க அம்மணி. இதுக்கு முன்னால வந்தவங்களும் இப்படித்தானே போனாங்க" என்றேன். முந்தின வருஷங்களில் ஒருவர் இருவராக வந்து, ஃபெயிலாகி, பாதியில் ஊர் திரும்பியவர்களுக்கெல்லாம் டி.சி. அடித்துக் கொடுத்தது நான்தான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. ஹுமேரா என்னைப் பார்த்த பார்வையில் டைப்ரைட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி முதல் வாரம் டெல்லியிலுள்ள நீமாவின் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரல் தேர்வில் பாக்கி உள்ளதையும் சேர்த்து எல்லாப் பேப்பரும் தேற வேண்டும். ஒன்றில் போனாலும் உதவி நிற்கும், படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஹுமேராதான் அதை அவளுக்குப் படித்துக் காட்டினாள். நீமா அழவில்லை. "நான் முட்டாளா?" என்று கேட்டாள். "எங்கள் மாவட்டத்திலேயே முதல் மார்க் வாங்கியவள் நான். அப்படியானால் எங்கள் மாவட்டமே முட்டாளா?"

 ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் ஹுமேராவுக்குத் தூக்கம் வராது. மறுநாள் மதிய இடைவேளையில், ஜனவரி மாதத்து உள்தேர்வு விடைத்தாள் கட்டுகளை ஸ்டோரிலிருந்து இறக்கி மேசையில் பரப்பிவிட்டாள்.

பொருளாதாரம் அவளுக்கு ஒரு வரி தெரியாது. ஆனால் பக்கம் எண்ணத் தெரியும். நம் பிள்ளைகளின் பேப்பர் இருபத்தைந்து பக்கம், முப்பது பக்கம், அடிஷனல் ஷீட் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் மார்ஜின், தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்த பென்சில் கோடு, வரிக்கு ஐந்து வார்த்தை, ஒவ்வொரு கேள்விக்கும் புதுப் பக்கம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பேப்பர் எட்டு பக்கம், ஒன்பது பக்கம். நீமாவுக்குப் பொடி எழுத்து. காகிதத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை நெருக்கி எழுதியிருந்தாள். ஒரு பதில் முடிந்த இடத்திலேயே அடுத்த கேள்வி தொடங்கியது. கேட்டபோது நீமா சொன்னாள்: காகிதத்தை வீணாக்கக் கூடாது, கேட்டதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் மார்க் குறையும், அப்படித்தான் அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம்.

"நீயும் இவர்களை மாதிரி எழுதிப் பார்" என்றாள் ஹுமேரா.

நீமா ஒரு முப்பது பக்கப் பேப்பரை நிதானமாகப் படித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். "இதில் ஒரே விஷயம் மூன்று தடவை வருகிறது. ஒன்றை மூன்றாகக் காட்டுவது பொய். நான் பொய் எழுத மாட்டேன்" என்றாள். ஹுமேராவுக்கு வந்த கோபத்தை நான் பார்த்தேன். ஒரு பிடிவாதம் இன்னொரு பிடிவாதத்தை எதிரே சந்தித்தது, இரண்டும் நகரவில்லை.

ஹுமேரா பொருளாதாரத் துறைத் தலைவரிடம் போனாள். வேங்கடசாமி சார் பீளமேட்டுக்காரர், ஒரு காலத்தில் பருத்திக் காடு வைத்திருந்த குடும்பம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மாணவர்களைக் கூட "வா கண்ணு" என்று கூப்பிடுகிற நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாகப் போயிருக்கும். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "அம்மணி, நான் பேப்பரை எடை போட்டு மார்க் போடற ஆளில்லீங்க. விஷயத்துக்குத்தான் மார்க்கு. இருந்தாலும் பாக்கலாங்க" என்றார்.

"எத்தனாந்தேதிங்க சார்?" என்றாள். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

 திரும்பி வந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டாள். மார்ச் முதல் வாரம் மாடல் தேர்வு வரவிருந்தது. மாடல் தேர்வு விடைத்தாள்கள் முதலில் எங்கள் ஆபீசுக்கு வரும். பெயர்ச் சீட்டைக் கிழித்து, எண் போட்டு, நாற்பது நாற்பதாகக் கட்டித் துறைக்கு அனுப்புவது என் வேலை. "ஏனுங்ணா, பொருளாதாரக் கட்டுல ஒரு பேப்பரு சேத்தி வெக்கோணும்" என்றாள்.

வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்றேன். "தெரியத்தானே போவுது, நானே சொல்லுவேன்" என்றாள். நான் வாயடைத்துப் போனேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

நீமாவின் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண் அக்ஷிதா. எழுத்து குண்டு குண்டாக, அச்சடித்த மாதிரி இருக்கும். ஹுமேரா அவளை ஒரு சனிக்கிழமை லைப்ரரியில் உட்கார வைத்தாள். நீமாவின் சம்மதத்தோடு நீமாவின் மாடல் தேர்வுப் பேப்பரை முன்னால் வைத்தாள். "இதை அப்படியே உன் எழுத்துல எழுது. கோடு போடு, தலைப்புப் போடு, எடம் உடு. ஆனா தலைப்பத் தவிர ஒரு வார்த்தை கூடப்படாது, ஒரு வார்த்தை கொறையப்படாது." அக்ஷிதாவுக்குக் கை பரபரத்தது. "அக்கா, இங்க ஒரு பாயிண்ட் சேத்துனா நல்லா இருக்கும்" என்றாள் இரண்டு தடவை. "நல்லா இருக்க வேண்டாம் கண்ணு, அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஹுமேரா. தலைப்புக் கூட நீமாவின் வரியிலிருந்தே எடுத்த வார்த்தைகள்தான். ஒன்பது பக்கம் இருபத்து மூன்று பக்கம் ஆயிற்று. நான் இரண்டுக்கும் வேறு வேறு எண் போட்டு, கட்டில் தள்ளித் தள்ளிச் செருகினேன்.

பத்து நாளில் வேங்கடசாமி சார் திருத்திய கட்டு திரும்பி வந்தது. பிரித்தோம். ஒன்பது பக்கத்துக்கு முப்பத்து நாலு. இருபத்து மூன்று பக்கத்துக்கு ஐம்பத்தெட்டு. தேற நாற்பது வேண்டும்.

நான் இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1967-ல் பி.யூ.சி. எழுதி ஃபெயிலானவன் நான். மறுபடி எழுதி மறுபடியும் ஃபெயில். எங்கப்பா "உனக்கு மண்டையில ஒண்ணுமில்லடா" என்று சொல்லி டைப் அடிக்க அனுப்பினார். இருபத்தொன்பது வருஷமாக நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கும் பொடி எழுத்து. அன்றைக்கு நான் எத்தனை பக்கம் எழுதினேன் என்று முதல் தடவையாக யோசித்தேன். நான் எழுதியது சரியா தப்பா என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் மெஷினிலிருந்த நல்ல ரிப்பனைக் கழற்றி எறிந்தேன்.

ஹுமேரா இரண்டு பேப்பரையும் எடுத்துக்கொண்டு வேங்கடசாமி சார் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவர் முதலில் மார்க்கைப் பார்த்தார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.  நாலாவது பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"என்னைச் சோதிச்சுப் பாத்திருக்கறீங்க" என்றார். குரலில் 'அம்மணி' இல்லை.

"ஆமாங்க சார். சொன்னேன், நீங்க நம்பலீங்க."

"பேப்பர்க் கட்டுல கை வெச்சிருக்கறீங்க. இது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுங்களா?" என்று என் பக்கம் திரும்பினார். "அரங்கசாமி, கட்டு கட்டுனது நீங்கதானே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றேன்.

ஹுமேரா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணனுக்குத் தெரியாதுங்க. நானே செஞ்சுபோட்டேன்" என்றாள். அந்த அறையிலிருந்து நான் வெளியே வந்த நடையை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. வெளிநாட்டு மாணவர் மேசை பறிபோனது. அவளைக் கீழ்த்தளத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். சாக்பீஸ், டஸ்டர், காலி விடைத்தாள் இவற்றுக்குக் காவல். சூப்பிரண்டு அதைத் தண்டனை என்றுதான் நினைத்தார்.

நீமா ஸ்டோருக்கு வந்தாள். ஹுமேரா இரண்டு மார்க்கையும் சொன்னாள். இரண்டும் அவளுடைய வார்த்தைகள், ஐம்பத்தெட்டும் அவளுடையதுதான் என்றாள். நீமா சாக்பீஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். 

"அப்படியானால் என் பதில் சரிதானா?"

"சரிதான்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். தூதரகக் கடிதத்துக்கு அழாதவள், சரி என்ற ஒரு சொல்லுக்கு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன். கோடு போடுகிறேன். கோடு பொய்யில்லை" என்றாள். ஹுமேரா அலமாரியைத் திறந்து ஒரு ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி தேர்வு. இருபத்தாறு நாள் இருந்தது. அச்சுப் பிசகித் தள்ளுபடியான விடைத்தாள் ஸ்டோரில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பழகுவதற்கு அதை எடுத்துக்கொள்ளலாமா என்று ஹுமேரா சூப்பிரண்டிடம் கேட்டாள். அவர் பாக்கலாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் தேதியும் நேரமும் வாங்கிவிட்டாள். தினம் நாலு மணிக்கு மேல் பதினோரு பேரும் ஸ்டோருக்கு வந்தார்கள். அக்ஷிதா காட்டினாள்: கேள்வியை இரண்டு துண்டாக்கு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைப்பு, வரைபடம் அரைப் பக்கத்துக்கு, கேள்விக்கொரு புதுப் பக்கம். வேண்டாத வார்த்தையை அவள் சேர்க்கச் சொன்னபோதெல்லாம் நீமா தலையாட்டி மறுத்தாள். கடைசியில் அக்ஷிதாவே தன் பேப்பரில் ஒரே விஷயம் திரும்ப வருகிற இடங்களை அடிக்க ஆரம்பித்தாள்.

நான் மூன்றாவது நாள்தான் கீழே போனேன். வாசலிலேயே நின்று, "அம்மணி, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாதுங்க" என்றேன்.

"ஆமாங்ணா, சொல்லியிருக்கப்படாது" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "இவுங்களுக்கு நேரம் பாக்க ஆளில்லீங்க. நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும், அரை மணிக்கு ஒரு தடவை சொல்லோணும். உங்களுக்கு அஞ்சரை பஸ்ஸு போயிருமே."

"போவட்டுங்க" என்றேன். அத்தனை நாளும் ஏழே முக்கால் பஸ்ஸில்தான் ஊருக்குப் போனேன்.

பழக்கம் சுலபமாக வரவில்லை. முதல் வாரம் நீமாவால் நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. கோடு போட்டுக்கொண்டிருந்ததில் கடைசிக் கேள்வி விட்டுப்போயிற்று. ஒரு நாள் ஸ்கேலை வீசி எறிந்தாள். ஹுமேரா அதைப் பொறுக்கி அவள் முன்னாலேயே வைத்தாள். "நாளைக்குப் பத்து நிமிஷம் முன்னால் முடிப்பாய்" என்றாள். மறுநாள் முடியவில்லை. அதற்கு மறுநாள் நாலு நிமிஷம் முன்னால் முடித்தாள். பத்து நிமிஷம் வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

மெமோவுக்கு ஹுமேரா விளக்கம் எழுதினாள். கல்லூரியைக் கேட்காமல் செய்தது தப்பு, அதற்கு வருந்துகிறேன். கண்டுபிடித்தது தப்பில்லை, அதற்கு வருந்த மாட்டேன். அவ்வளவுதான். அந்த வருஷ இன்கிரிமெண்டை நிறுத்தினார்கள். தாரிக் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அத்தாதான் கோபப்பட்டாராம், மகள்மேல் இல்லை, கல்லூரிமேல்.

ஏப்ரலில் நீமா பாக்கி மூன்றும் புதிது ஐந்துமாக எட்டு பேப்பர் எழுதினாள். மே மாதம் முழுவதும் எங்களுக்கு எதிலும் மனம் செல்லவில்லை. ஜூன் பதினெட்டாம் தேதி முடிவுத்தாள் வந்தது. கவரை நான்தான் பிரித்தேன். நீமாவின் எண்ணை விரல் வைத்துத் தேடினேன். எட்டிலும் தேறியிருந்தாள். குறைந்த மார்க்கே நாற்பத்தேழு. பதினோரு பேரில் எட்டுப் பேர் எல்லாவற்றிலும் தேறியிருந்தார்கள். நான் ஆபீஸ் என்றும் பாராமல் படியில் ஓடி இறங்கினேன்.

ஸ்டோரில் நீமாவும் ஹுமேராவும் இருந்தார்கள். நான் முடிவைச் சொன்னதும் நீமா ஹுமேராவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நான் சாக்பீஸ் பெட்டிகளை அடுக்கி வைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் வேங்கடசாமி சார் வாசலில் வந்து நின்றார். மார்ச்சுக்குப் பிறகு அவர் ஹுமேராவிடம் பேசவே இல்லை.

"அம்மணி, மே மாசம் பல்கலைக்கழகத்துக்குப் பேப்பர் திருத்தப் போயிருந்தேனுங்க. வேற காலேஜுப் பேப்பரு" என்றார். "ஒல்லிப் பேப்பரை எல்லாம் தனியா எடுத்து வெச்சேன். காலையில அலுப்பில்லாம இருக்கறப்ப அதையே மொதல்ல படிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நெறையாப் பேரு சரியா எழுதியிருக்கறாங்க."  இருபத்திரண்டு வருஷம் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். பிறகு, மெமோவை ரத்துச் செய்யும்படி முதல்வருக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"அது கெடக்கட்டுங்க சார்" என்றாள் ஹுமேரா. "ஃபெயிலாகி ஊருக்குப் போனவங்க இருக்கறாங்களே, அவுங்க இன்னும் வந்து எழுதலாமுங்களா?"

அவர் யோசித்தார். பாக்கிப் பேப்பர் எழுத இன்னும் இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது என்றார். ஹுமேரா என்னைப் பார்த்தாள். டி.சி. ரிஜிஸ்தரை எடுத்து வந்தேன். ஏழு பெயர். ஏழுக்கும் நடத்தை நன்று, படிப்பைத் தொடரவில்லை என்று நானே அடித்திருந்தேன். சார் ஒவ்வொரு பெயராகப் படித்தார். நாலாவது பெயரில், "இந்தப் பையன் கிளாஸ்ல எதைக் கேட்டாலும் சொல்லுவானுங்க" என்றார்.

கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. சார் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஹுமேரா எழுதினாள். கல்லூரியின் ஆழ்ந்த வருத்தம், தேர்வு முறையின் தன்மை, மாணவர் நலன் என்று இரண்டு பக்கம் வந்தது. நீமா கையை நீட்டி அதை வாங்கிப் படித்தாள். பென்சிலால் முழுவதையும் அடித்தாள். கீழே தன் பொடி எழுத்தில் இரண்டு வரி எழுதினாள்.

உங்கள் பதில்கள் சரியாக இருந்தன. வந்து மறுபடி எழுதுங்கள்.

சார் அதைப் பார்த்தார். போதுமா என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, அடித்து வந்ததும் கையெழுத்துப் போடக் காத்து நின்றார்.

நான் மேலே போய் மெஷினில் காகிதம் போட்டேன். கார்பன் வைத்தால் இரண்டு தடவையில் வேலை முடிந்திருக்கும். நான் ஏழையும் தனித்தனியாகவே அடித்தேன்.